முன்சீட்டில் அம்மா

என் ஆசை அண்ணை,

தெற்கே போய்வந்துவிட்டோம். காலி, அம்பாந்தோட்டை, திஸ்ஸமகாராமை. நீங்கள் எத்தனையோ குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய இடங்கள். எங்களுக்கு மட்டும் "அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு" என்று தள்ளிக்கொண்டே வந்த இடங்கள். உங்கள் வான் வண்டியில்தான் போனோம். ஓட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? மச்சாள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வான் முற்றத்து வேம்பின் கீழேயே கிடந்தது. மானிப்பாயிலிருந்து ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். "குடுத்துவிடுவம். பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்றார் அம்மா. ஆனால் உங்கள் மனைவி, என் மச்சாள், ஒவ்வொரு விடியலிலும் வானை வயல் வீதிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுவதற்கு முன்பே நீங்கள்தான் ஓட்டப் பழக்கிவிட்டீர்களா? நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கவும் தெரியவில்லை.

ஒருநாள் சாரதி அனுமதிப் பத்திரத்தை அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"மாமி, அவரின்ரை ஓட்டங்களை நான் ஓடப்போறன். முதல்லை உங்களைத் தெற்காலை கூட்டிக்கொண்டு போறன். திரும்பி வந்தாப் பிறகும் வில் எண்டு சொன்னியளெண்டால், வித்துவிடுவம்."

அம்மா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் ஏதாவது புத்தி சொல்வாள் என்று நினைத்திருப்பார். எனக்கும் பயம்தான். அந்த வான் போய்விட்டால் மச்சாளும் மெல்ல மெல்ல எங்களிடமிருந்து போய்விடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

"பாப்பம்" என்றார் அம்மா.

உங்கள் பழைய வாடிக்கைக்காரர், சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் சின்னத்துரை மாமாவும் மாமியும் கூட வந்தார்கள். ஏறும்போதே அவர் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, பிரேக் எதெண்டு தெரியுமோ?"

"தெரியும் மாமா. இறங்கிற கதவு எதெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

மாமி சிரித்த சிரிப்பில் வான் ஆடியது. அம்மா சிரிக்கவில்லை. சாரதிக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் அம்மாவுடையது அல்லவா? தேவாலயத்துக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் உங்கள் பக்கத்தில்தான் இருப்பார். இந்த முறை அதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நிறைத்த இரண்டு கான்களை ஏற்றிவைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் ஒடுங்கிக்கொண்டார். "பிறத்தியூர்த் தண்ணி ஒத்துவராது" என்பது காரணம். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காலிக் கோட்டை மதிலில் ஏறி நின்றபோது கடற்காற்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. உள்ளே வீடுகள், கொடியில் காயும் உடுப்புகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

"எங்கடை ஊர்க் கோட்டையும் ஒல்லாந்தர் கட்டினதுதானே?"

"ஓமம்மா."

"உதுக்குள்ளை சனம் இருக்குது, பார்." மதிலை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார். சண்டையில் இடிந்த எங்கள் ஊர்க் கோட்டை மதிலை நினைத்தாரா, உங்களை நினைத்தாரா?

பிறகு வழியெல்லாம் கடல். அம்பாந்தோட்டையில் உப்பளங்கள் வெயிலில் மின்னின. அதைப் பார்த்துவிட்டு அம்மா நித்திரையாகிப் போனார். மச்சாள் திஸ்ஸ வாவிக் கரையில், பெரிய நிழல் மரங்களின் கீழ் வானை நிறுத்தியபோதுதான் விழித்தார். கண்முன்னே கரைமுட்டத் தண்ணீர். அதில் இறங்கி நின்று எருமைகள் குடித்துக்கொண்டிருந்தன.

"கோதாரி! உப்புத் தண்ணியை மாடு குடிக்குது! ஆரும் கலையுங்கோவன்!"

சின்னத்துரை மாமா ஒரு கணமும் யோசிக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை உருவிச் சுழற்றிக்கொண்டு "ஏய்! ஏய்!" என்று ஓடினார். எருமைகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன. திரும்பவும் குடித்தன.

மச்சாள் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். "மாமி, உது நல்ல தண்ணி. குளம்."

"குளமோ? அலை அடிக்குதே!"

"உங்கடை மோனும் முதல்தரம் வரேக்கை உப்பிடித்தான். வீட்டிலையிருந்து கொண்டுவந்த தண்ணி முடிஞ்சுதாம். தொண்டை காஞ்சு, உந்தக் குளத்தைப் பாத்துக்கொண்டே இருந்தவராம். ஏறி வந்த சனம் இறங்கிக் குளிச்சு வாய் கொப்பளிக்கேக்கைதான் விளங்கினதாம்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். உங்கள் பேச்சை யாராவது எடுத்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவதுதான் வழக்கம். அங்கே எழுந்து போக அறை இல்லை.

"மொக்கன்" என்றார் அம்மா. உதடு நடுங்கியது. அழப்போகிறார் என்று நான் எட்டிக் கையைப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அண்ணை. "கொழும்புத்துறைக் கடலைப் பாத்து வளந்தவளின்ரை மோன் வேறை என்னெண்டிருப்பான்?"

இறங்கிப் போய் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கழுவினார். தூரத்து மரங்களுக்கு மேலே புத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் தெரிந்தது. நிழல் நகரும்வரை காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அதையே பார்த்திருந்தார். நீங்களும் அந்த இடத்தில்தான் இருந்தீர்களா?

புறப்படும்போது அம்மா முன்கதவைத் திறந்தார். "உந்தக் கான்களைப் பின்னாலை போடு பிள்ளை. பின்னுக்கு இருந்தால் ஒண்டும் தெரியேல்லை."

நான் கான்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாரம் தெரியவில்லை. அம்மா வீதியைப் பார்த்து, "பிள்ளை, மெதுவா, அங்காலை லொறி வருது" என்று மச்சாளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். உங்களுக்குச் சொல்கிற அதே குரல். மச்சாளும் உங்களைப் போலவே "ஓம் மாமி, கண்டிட்டன்" என்று அலுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பும் வழியில், ஆனையிறவுக் கடலேரியின் காற்று முகத்தில் அடித்ததும் அம்மா கேட்டார்: "இது உப்புத்தானே?"

"இது உப்புத்தான் மாமி."

"அப்ப சரி. அந்த மானிப்பாய் மனுசனுக்குச் சொல்லிவிடு, வான் ஓடுது எண்டு."

மார்கழி லீவுக்கு இரண்டு குடும்பங்கள் இப்போதே மச்சாளிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் உதவிக்குப் போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்கு, அண்ணை: நீங்கள் "அடுத்த லீவுக்கு" என்று சொன்ன இடங்களையெல்லாம், அம்மாவின் கால் நடக்கும்வரை, லீவு லீவாகக் கொண்டுபோய்க் காட்டுவோம். கிணற்றுத் தண்ணீரும் ஒரு கான் வரும். அதை மட்டும் அம்மா விடமாட்டாராம்.

பின்சீட்டில் கான் பிடிக்கும்
உங்கள் தங்கச்சி