சுத்தி தெரியாத துப்பாக்கி

அப்பாவுக்கு வணக்கம். நீங்களும் அம்மாவும் சுகந்தானே? மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் காவல் கம்பெனியில் கைத்துப்பாக்கிகளை மாற்றிவிட்டார்கள். பழையதன் பின்புறம், குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் ஒரு சின்னச் சுத்தி வெளியே தெரியும். அது பின்னால் சாய்ந்திருந்தால் சுடத் தயார் என்று பார்த்ததும் புரியும். புதியதில் சுத்தி கிடையாது. உள்ளேயே ஓர் ஊசி ஸ்பிரிங்கில் பதுங்கியிருக்கிறது. "இதுவும் நூறு வருஷத்துக்கு முந்தி வந்ததுதான்பா, பின்னாலதான் எல்லாரும் மாறினாங்க" என்றார் பயிற்சியாளர்.

போன வாரம் என் அறைக்கூட்டாளி துடைப்பதற்காகத் தன் புதுத் துப்பாக்கியைக் கழற்றப் போனார். கழற்ற விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். உள்ளே குண்டு இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அது என் இடது காதை ஒட்டிப் போய்ச் சுவரில் பதிந்தது. "ஐயோ, காலின்னு நெனச்சேன்டா" என்று அழுதார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தோளில் விழுந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு வாசலில் காவலுக்கு நின்றேன். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

அம்மாவைப் போனில் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லுங்கள். சிக்னல் சரியில்லை என்று சொன்னால் போதும். நீங்களும் பேசுங்கள் அப்பா, விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மகன்