போகிக்கு முந்தின நாள்

எருமப்பட்டி
20.12.2022

அன்புள்ள சத்யபிரியா அக்காவுக்கு, உங்கள் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் சரிதா வணக்கத்துடன் எழுதுவது.

அங்கே நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுதி முகவரியை உங்கள் அம்மாவிடம் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். புத்தாண்டு வாழ்த்து அனுப்ப என்றேன். அது பொய். போனில் பேச எனக்கு வாய் வராது. நேரில் என்றால் இன்னும் மோசம்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன வாரம் புதுக் குஞ்சு இறங்கியது, நாலாயிரம். பனி அதிகமாக இருப்பதால் கொட்டகையைச் சுற்றிப் படுதா இறக்கி, பல்பு போட்டிருக்கிறோம். நேற்று அதற்குள் உட்கார்ந்து குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மா சொன்னார்கள், தை மாதம் அப்பாவின் வருஷத் திதிக்கு நீங்கள் வரப்போவதில்லை என்று. "என்னாலதான் அப்பா போனாருன்னு ஊரே சொல்லுது, நான் எப்படி வாறதும்மா" என்று கேட்டீர்களாம். சொல்லிவிட்டு அம்மா கையில் இருந்த குஞ்சைக் கீழே விடவே இல்லை. அது கத்திக்கொண்டே இருந்தது.

அக்கா, அப்பாவுக்கு நோயைக் கொண்டுவந்தது நீங்கள் இல்லை. நான்.

ஜனவரி ஏழாம் தேதி எனக்குக் கொரோனா ஊசி போட்டார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். ஊரடங்கில் ஒன்பதாவதோடு நின்றவள் நான், அந்த வாசலுக்குப் போகவே கூச்சமாக இருந்தது. என்னோடு படித்தவர்கள் சீருடையில் நின்றார்கள். நான் பண்ணைச் சட்டையில் நின்றேன். போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தும்மல் வந்தது, தொண்டை கரகரத்தது. நான் பயப்படவில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு விட்ட குஞ்சும் மூன்றாம் நாள், நாலாம் நாள் தும்மும். தும்மினால் மருந்து வேலை செய்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோம் இல்லையா? எனக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

பத்தாம் தேதி காலை முதல் மதியம் வரை, படுதா இறக்கிய அதே கொட்டகையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குஞ்சு பிடித்துக் கொடுத்தேன். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தேன். "ஏஞ்சாமி, காத்தாலருந்து தும்மிக்கிட்டே இருக்கற?" என்று கேட்டார். ஊசி போட்டதுக்குங்க, மருந்து வேலை செய்யுதுங்க என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இனி உனக்கு வெள்ளைக்கழிச்சல் வராது போ" என்றார். அவர் ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை. "இத்தன வருசமா கோழி மருந்து எம்மேல தெறிச்சிருக்குது, எந்தக் கிருமி என்ன பண்ணும்?" என்பார். அன்றைக்கும் அதையே சொன்னார். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டாம் தேதி, தீவன மூட்டையைத் தூக்கப் போனவர் முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையைத் தொட்டேன், கொதித்தது. "நாளைக்குப் புள்ள வருது. அதுகிட்டயும் அவங்கம்மாகிட்டயும் சொல்லிப்போடாத. பொங்கலும் அதுவுமாப் பயந்துக்குவாங்க" என்றார். தலையாட்டினேன். நீங்கள் வந்து இறங்கியது மறுநாள் போகி அன்று சாயங்காலம். நீங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே அவருக்குக் காய்ச்சல். பிறகு உங்களுக்கு வந்த காய்ச்சலும் அவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அந்த மாதக் கடைசியில் அப்பா போய், அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது நல்லம்மாள் பெரியம்மா வாசலில் வைத்துச் சொன்னார்கள்: "ஆஸ்டல்ல ரெண்டு பேருக்கு இருந்துச்சாமா. புள்ள பொங்கலுக்கு வந்துச்சு, கூடவே அதையும் கூட்டியாந்துருச்சு." நீங்கள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். நீங்கள் வருவதற்கு முந்தின நாளே அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே என்று சொல்லவில்லை.

என் தும்மல்தான் காரணம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் இரண்டாவது ஊசி போடப் போனபோது நர்ஸ் ஜெயப்பிரியா அக்காவிடம் கேட்டேன். குஞ்சுக்கு விடும் சொட்டில் இருப்பது பலம் குறைத்த உயிருள்ள கிருமியாம், அதனால் தும்முமாம். எனக்குப் போட்டதில் இருப்பது செத்த கிருமி. காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், ஆனால் அது தும்மலைத் தராது, நோயையும் தராது. "உனக்கு வந்தது கொரோனாவாத்தான் இருக்கும். ஊசி போட்ட மூணாம் நாளே உடம்புக்குப் பலம் வந்துருமா? ரெண்டும் போட்டு ரெண்டு வாரமாவது ஆகோணும்" என்றார்கள். பிறகு, "பக்கத்துல பெரியவங்க யாருக்கும் ஒட்டலையே?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

நான் சோதனை எடுக்கவில்லை. அதனால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து மாதத்தை ஓட்டிவிட்டேன். மூன்று தடவை அம்மாவிடம் சொல்லப் போனேன். மூன்று தடவையும் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். "எம் புள்ள கூட வாறதில்ல, நீ ஒருத்திதான் சாமி வந்து எட்டிப் பாக்கற" என்பார்கள்.

இன்று இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போகிறேன். கடிதம் கிளம்பிவிட்டால் நான் வழியில் திரும்ப முடியாது. அதற்காகத்தான் முதலில் உங்களுக்கு எழுதினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு நல்லம்மாள் பெரியம்மா வீட்டுக்கும் போவேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி.

மன்னிப்பு கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் என்னோடு பேசவே வேண்டாம். திதி அன்று நான் அங்கே இருக்கக் கூடாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள், இருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் வந்துவிடுங்கள் அக்கா. அப்பாவுக்குச் சோறு படைக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார வேறு யாரும் இல்லை.

இப்படிக்கு,
சரிதா