புஷ்பவள்ளி சொல்லாத சொல்

புக்கிட் ரோத்தான்
13.3.1988

அன்பு மகன் பாலனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். வரி ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது. அழுத்தியதில் இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் அமராவதி டீச்சர், "தாத்தா, பேனா பால்மரம் சீவுற கத்தி இல்ல, மெதுவா பிடிங்க" என்கிறார். வீட்டில் டெலிபோன் இருக்கிறதே என்று கேட்காதே. எழுதத் தெரிந்தவன் எதற்காகக் கத்த வேண்டும்?

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு நீ ஆபீசில் வாங்கி வைத்த கம்ப்யூட்டரில், நம் லோரிகள் எந்தெந்த எஸ்டேட்டில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகின்றன, டன்னுக்கு என்ன கூலி கேட்கிறோம் என்றெல்லாம் வரும். டீச்சரிடம் ஆங்கில எழுத்தும் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆபீசுக்கு வருகிறவர்கள் அசந்து போவார்கள். லோரி வைத்திருக்கும் உமாபதிகூட, "பெரியவரே, இன்னொருக்கா படிங்க லா" என்று ஆசையாகக் கேட்டார்.

நீ போன வாரம் வந்து துறைமுகத்து வேலைக்குத் திரும்பிய பிறகு, அந்தப் பெட்டி ஏதோ ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பாஸ்வேர்டாம். உன் மனைவியிடம் கேட்டேன். "அத நான் வாயால சொல்ல முடியாது மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டதற்கு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் மகளாக நினைத்த புஷ்பவள்ளி!

இத்தனை வருஷம் எழுத்து எனக்குக் கதவைச் சாத்தியிருந்தது. இப்போதுதான் திறந்தேன். உடனே நீ வந்து இன்னொரு பூட்டுப் போடுகிறாய். நான் என்ன திருடனா? நம் முதல் லோரிக்கு டயர் மாற்றியவன் நான். பதில் வரும்வரை ஆபீசில் கால் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
உன் அப்பா
இரா. காளியண்ணன்

பட்டர்வொர்த்
17.3.1988

அன்புள்ள அப்பாவுக்கு பாலன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை இங்கே துறைமுகத்தில் எல்லா டிரைவர்களிடமும் காட்டினேன். "எங்கப்பா எழுதினது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். திட்டி எழுதியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை.

கோபப்படாமல் கேளுங்கள். அந்தப் பூட்டு உங்களால்தான். நீங்கள் உரக்கப் படித்த கூலியைக் கேட்டுக்கொண்டு போன உமாபதி, அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு, தஞ்சோங் காராங் பக்கம் நாம் லோரி ஓட்டிக்கொண்டிருந்த எஸ்டேட்டைப் பிடித்துக்கொண்டார். நம் லோரி மூன்று சும்மா நிற்கின்றன. ஏப்ரலில் இன்னொரு எஸ்டேட்டுக்குக் கூலி எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் போனால் டிரைவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வாய்தவறிக்கூட வெளியே வராத ஒரு சொல்லாக வை என்று புஷ்பாவிடம் சொன்னேன். கொஞ்சமும் யோசிக்காமல் உங்கள் பெயரைத் தட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லையே. உங்களிடம் ஜாடைகூடக் காட்டக்கூடாது என்றவன் நான். அவளைக் கோபிக்காதீர்கள்.

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தாராளமாகத் திறந்து படியுங்கள். சத்தம் மட்டும் வேண்டாம் அப்பா.

அன்பு மகன்,
பாலன்

புக்கிட் ரோத்தான்
27.3.1988

அன்பு மகன் பாலனுக்கு,

கோபத்தில் எழுதுவதால் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

எழுத்துக் கூட்டிப் படித்தது ஒரு குற்றமா? உமாபதி ஒட்டுக்கேட்டான் என்றால் அவன் காதுக்குப் பூட்டுப் போடு, என் கண்ணுக்கு ஏன் போடுகிறாய்? மூன்று லோரி மழையில் நனைந்துகொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். ரிப்பேர் என்று நினைத்தேன். பெற்ற அப்பனிடம் சொல்லத் தைரியம் வேண்டுமா? அதோடு, என் பெயரை வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

செவ்வாய்க்கிழமை பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். "கே" என்று உரக்கச் சொல்லி முதல் எழுத்தைத் தட்டினேன். புஷ்பவள்ளி ஓடிவந்து கதவைச் சாத்தினாள். வெளியே டிரைவர் செல்லையா டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "மாமா, மனசுக்குள்ள சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மீதியைத் தட்டினேன். திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. பெயருக்கு உரியவனே எழுதினாலும் காட்டாதாம், இது என்ன மரியாதை? ஆனால் திறந்துகொண்டது. உள்ளே இருந்ததை உதட்டை விடாமல் படித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நாக்கு அசையாமல் படித்துவிட்டேன் பாலா! உதட்டில் மட்டும் இரண்டு பல் தடம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்கு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றான் உமாபதி. "என்னா பெரியவரே, படிக்கிற சத்தமே காணோம்? கம்ப்யூட்டருக்கு என்னமோ சொல்லு வச்சிருக்காங்களாமே, என்னா லா அது?" என்றான். அந்த நேரம் பார்த்து ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். வரிசையே என்னைப் பார்த்தது. "ஐயையோ, பெரியவருக்கு சொந்தப் பேரே மறந்துபோச்சு!" என்று உமாபதி எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

"சாமி பேருக்கே பண்ணுங்க" என்றேன். முருகன் பெயருக்கே அர்ச்சனை நடந்தது.

என் பெயர் ஊருக்கே தெரியுமே என்று நீயும் சிரிப்பாய். சிரி. அவன் காது பக்கத்தில் இருக்கும்போது அது என் வாயிலிருந்து வராது. ஏப்ரலில் நீ கூலி எழுதிக் கொடுத்து, அந்த மூன்று லோரியும் ஓடத் தொடங்கும்வரை ஐயர் கேட்டாலும் வராது.

அதற்குப் பிறகு என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. பூட்டு வேண்டுமென்றால் உன் மாமனார் பெயரைப் போட்டுக்கொள்.

கோபம் இன்னும் பாதிகூடத் தீரவில்லை, காகிதம் தீர்ந்துவிட்டது. மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா