நம் வாசலில் நிற்காத துணி

வியாசர்பாடி,
ஞாயிறு

அன்பு மகள் மதிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீயாவது லண்டன் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் பாக்கிறேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம் எடுத்தேன். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, கொடுங்கையூர்க் குப்பை மறுபடி எரிகிறது, ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், முப்பது வருசம் ஹார்பர்ல கரி தின்னவன இந்தப் புகை இன்னா பண்ணும் என்கிறார். நீ சொன்னாலாவது கேட்பாரா பார்.

செவ்வாய்க்கிழமை ராஜாத்தி வீட்டுக்காரர் அன்புமணி போய்விட்டார். கண்டெய்னர் யார்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். மழைக்காலத்தில் உன்னைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்ட மனுஷன். நம் தெருவில் சாவு விழுந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாததா, இரண்டு பெண்கள் ஒரு துணியின் நான்கு முனையையும் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், மூடின கையைத் துணிக்குள் விட்டு எடுப்போம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது, இல்லாதவர்கள் வெறுங்கையை விட்டு எடுப்பார்கள், அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஹார்பர் கூலிகளின் சாவுப்பணம் என்று இதை ஆராய்ச்சி செய்துதானே டாக்டர் பட்டம் வாங்கினாய். காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நான் பால் பூத்தில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நான்கே வருஷத்தில் அந்த வேலையை விட்டாய். பழசை எழுதிவைத்தால் யாருக்கும்மா பிரயோஜனம், இந்தத் துணியையே போனுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன், மாசம் நூறு ரூபாய் கட்டினால் சாவு விழுந்த அன்றே மொத்தமாகக் கைக்கு வரும் என்று சொல்லிக் கம்பெனி ஆரம்பித்தாய். தெருவில் முப்பத்தெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள், உன் கம்பெனியை நம்பி இல்லை, என்னை நம்பி.

தப்பு என் மேலும் இருக்கிறது. அவர்கள் வீட்டில் இருக்கிற போன் எல்லாம் புருஷனுடையது, பணம் ஏறின மெசேஜ் அதில் வந்தால் அன்றைக்கே கடைக்குப் போய்க் குடித்துவிடுவான். ரமாக்கா உன் நம்பரையே போட்டுக்கோ, உன்கிட்ட கீதுன்னா எங்களுக்குப் பேஜாரு இல்ல என்றார்கள். அத்தனை பேருக்கும் என் நம்பரையே போட்டேன். நீ கம்பெனியை அந்த பம்பாய்க்காரர்களிடம் விற்றுவிட்டு லண்டன் போன பிறகு, ஒரே நம்பரில் இத்தனை கணக்கா, இது மோசடி என்று மெஷின் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. அந்த விதியைப் போட்டதே நீதான் என்று நீயே சொன்னாய், இப்போது உன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னாய். மூன்று மாதமாகக் கம்பெனிக்கு எழுதிப் போடுகிறேன், பதில் எழுதுவது மனுஷரா மெஷினா என்றுகூடத் தெரியவில்லை. கட்டின பணத்தில் ஒரு பைசாகூட வராமல் அன்புமணியைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது ராஜாத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள், உன் பொண்ணு ரெண்டு வருசம் எங்க வூட்ல குந்திகினு அம்மாம் கேள்வி கேட்டு எழுதிகினு போச்சே, வூட்ல போன் யாரு கைல கீதுன்னு ஒரு வார்த்த கேட்டுச்சா என்று.

அன்று சாயங்காலம் பழையபடி துணி வந்தது, பிலோமியும் ஜீனத்தும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு ஐந்நூறு ரூபாயைக் கையில் மூடி வாசலில் போய் நின்றார். துணி பக்கத்து வீட்டில் நின்றது, பிறகு நேராக எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. பிலோமி தலை நிமிரவில்லை. அப்பா மூடின கையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். சாவு வீட்டில் ஓரமாக நின்றோம், யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீ பணம் அனுப்புவதாக மெசேஜ் போட்டிருந்தாய், அனுப்பாதே, அதை இங்கே யாரும் கைநீட்டி வாங்க மாட்டார்கள். வா என்றும் கூப்பிட மாட்டேன், வந்து எந்த வாசலில் நிற்பாய். நம்ம ரெண்டு பேர்ல யார் முந்திக்கினாலும் துணி புடிக்க ஆள் வருமா என்று அப்பா கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய், ஆனாலும் புத்தர் படத்துக்கு முன்னால் தினமும் உனக்காகத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், நீ நல்லபடியாக இருக்க வேண்டும் கண்ணு. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் ஆராய்ச்சிப் புத்தகம் மறுபடி அச்சாகிறது என்றாயே, அதில் துணி எந்த வீட்டையும் தாண்டிப் போனதே இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு.

உன் அம்மா,
ரமாபாய்