எட்டாவது பாட்டில்

மார்ச் 2

அன்புள்ள ராங்கிக்கு,

குடியை நிறுத்த இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. சாப்பாடு இறங்குகிறது. கைதான் இன்னும் பேனாவோடு மல்லுக்கட்டுகிறது. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

எங்கள் குழுவை நடத்துகிற நர்ஸக்காவும் குடித்தவள்தான். நிறுத்தி ஒன்பது வருஷம். நாங்கள் அளக்கிற கதை எதுவும் அவளிடம் வேகாது. "வீட்டுல எங்கெங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு சம்சாரத்துக்கு எழுதுங்க. வீடு காலின்னு அவங்க கைப்பட எழுதினாத்தான் உங்கள விடுவேன்" என்கிறாள்.

எழுதுகிறேன், திட்டாதே. கழிவறைத் தண்ணீர்த் தொட்டி. ரேடியோவின் முதுகு. மீட்டர் பெட்டி. பரணில் இருக்கிற சூட்கேஸ். என் மழைக்கோட்டு. நீ எனக்குத் தைத்துத் தந்த திண்டு. உன் அப்பா படத்துக்குப் பின்னால். மொத்தம் ஏழு. கடைசி இரண்டுக்கும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

ஏழையும் எடுத்துக் கொட்டிவிட்டேன். அப்பா படத்தைத் திருப்பியபோது மனுஷர் என்னைத்தான் முறைத்தார்.

ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க வீடு காலியாகும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பரணில் மூடி திருகுகிற சத்தம் கேட்டது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வெறும் தூசி. இன்றைக்கும் அதே நேரத்துக்குக் கேட்டது. நான் ஏறவில்லை.

கண்ணாடிக் கடை முதலாளி வந்திருந்தார். நீங்கள் லென்ஸ் தேய்க்கிற மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாராம். "கை நடுக்கம் நின்னா வரச் சொல்லும்மா" என்றார்.

வீடு காலி. இதை நர்ஸக்காவிடம் காட்டுங்கள். இருபதாம் தேதி வந்துவிடுங்கள்.

உங்கள் ராங்கி

மார்ச் 12

அன்புள்ள ராங்கிக்கு,

காட்டினேன். சரி என்றாள். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

போன வருஷம் நானாகவே நிறுத்திப் பதினோரு நாள் இருந்தேனே, உனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டாம் நாள் ஏன் குடித்தேன் என்று கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. அன்றைக்குச் சண்டையில்லை, துக்கமில்லை. எழுந்தேன், காப்பி குடித்தேன், கடைக்குக் கிளம்பினேன். தெருமுனையில் கால் தானாகச் சாராயக் கடைப் பக்கம் திரும்பியது.

அந்தக் காலை வேளை என்னைப் பேய்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணமே இல்லாமல் விழுந்தவன் மறுபடியும் அப்படித்தானே விழுவான்? வீட்டுக்கு வரவே பயமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 16

அன்புள்ள உங்களுக்கு,

வீடு காலி என்று பொய் எழுதினேன்.

தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஓர் இருமல் மருந்து பாட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பது இருமல் மருந்து இல்லை, உங்கள் சாராயம். அது நீங்கள் வைத்தது அல்ல, நான் வைத்தது.

பதினோராம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு லென்ஸ் உடைஞ்சா வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் உங்கள் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கை அப்படி ஆடியது. உங்கள் காப்பியில் இரண்டு கரண்டி ஊற்றினேன். வாசனை தெரியாமலிருக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். மருந்து என்றே நினைத்துக்கொண்டேன். கை நின்றது. "இன்னிக்குக் காப்பி பிரமாதம்" என்று சிரித்தீர்கள்.

சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தீர்கள். வெட்கமில்லையா என்று தெருவே கேட்கத் திட்டினேன். பாவி நான், திட்டினேன்.

பரணில் கேட்கிற சத்தம் உங்களுடையது இல்லை. அன்றைக்குத் திருகினது என் கை. அடுப்படியில் கரண்டி கப்பில் தட்டுவதும் கேட்கிறது, நான் அறையில்தான் இருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பாட்டிலைத் திறக்கவில்லை. கொட்டவும் முடியவில்லை. கொட்டிவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ராங்கி

மார்ச் 23

ராங்கிக்கு,

இருபதாம் தேதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். நான் வரவில்லை. நான்கு நாள் உனக்கு எழுதவும் மனம் வரவில்லை.

நர்ஸக்கா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "அந்த நடுக்கத்துக்கு டாக்டர்கிட்ட போயிருக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் அது தெரியல" என்றாள். நான் எங்கே கேட்டேன்? காரணம் கிடைத்துவிட்டது, எல்லாம் என் பொண்டாட்டி பண்ணினது என்று குதித்தேன். குதித்து முடித்ததும் நர்ஸக்கா உன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "பன்னெண்டாம் நாள் அவங்க ஊத்தினாங்க. பதிமூணாம் நாள் யாரு ஊத்தினது?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் இங்கே வீட்டாருக்கென்று ஒரு குழு நடக்கிறது. வா. யாரும் உன்னை ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் இழுப்பறை இருக்கிறது. பாட்டிலைக் கொட்டாமல் கொண்டு வா, இரண்டு பேருமாகக் கொட்டலாம். நான் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன். வருவேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு என் காப்பியை நானே போட்டுக்கொள்வேன். உன்மேல் கோபம் இல்லை என்று இதற்கு அடுத்து எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். இங்கே பொய் எழுதக் கூடாது.

உன் வீட்டுக்காரன்