தம்பி ஏற்றிவிட்ட லெவல்

வேதா,

பத்து மணிக்குத் தெரபிஸ்ட் மேகனா வருவாள். இனி வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடாதே.

விபத்தில் முதுகோடு மூளையும் போயாச்சு என்று நேற்று டேப்லெட்டை விட்டெறிந்தாயே, விஷயம் காலையில்தான் தெரிந்தது. ஞாயிறன்று வந்த உன் தம்பி, மேகனா உனக்கு அதில் போட்டுத் தந்த ஞாபக விளையாட்டை உன் பெயரிலேயே ஆடி, கடைசி லெவலுக்கு ஏற்றிவிட்டிருக்கிறான். போனில் கேட்டால், "சும்மா ஆடினேன், அத்திம்பேர்" என்கிறான். நீ தோற்றது அந்த லெவலில். நானும் ஆடிப் பார்த்துத் தோற்றேன். என் முதுகு நன்றாக இருக்கிறது. மூளைக்குத்தான் மேகனா தேவை.

சாத்தமுது சாதம் கீழ்த் தட்டில், சக்கர நாற்காலியிலிருந்தே எட்டும். கதவை வெறுமனே சாத்தியிருக்கிறேன். உறையூர் பஸ் போய்விடும்.

ஹ்ருஷி

பி.கு.: டேப்லெட்டில் மூலையில் கீறல்தான். நேற்று பதில் பேசாமல் படுத்தேனே, கோபமில்லை. நீ சொன்னது நிஜமோ என்று பயந்துவிட்டேன்.