எட்டு மைக் பெட்டி

லுங்கிலேயின் அப்பாவுக்கு,

நீங்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசாததால் எழுதிவைத்துவிட்டு டூட்டிக்குப் போகிறேன். சோளக்களி மூடியிருக்கிறது, கீரையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குக் குழாய் நின்றுவிடும், வாளிகளை நிரப்பிவையுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சாமான் ஏற்றிவரும் வண்டிக்காரர் போன் செய்வார். நீங்கள் கேட்ட, எட்டு மைக்கையும் தனித்தனியாகப் பதியும் இன்டர்ஃபேஸ் பெட்டியையே கொண்டுவரச் சொல்லுங்கள். மைக் ஒலியைக் கூட்டித் தரும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் தனிப் பெட்டி தேட வேண்டும். "உங்க பாட்டுக் குழுவில எட்டுப் பேரும் ஒட்டி நின்னு பாடுறவங்கதானே, ஒரு மைக் போதும்" என்று பாட்டுகளைப் பதிந்தபோது மல்லுக்கு நின்றது நான்தான்.

உங்களோடு பாடிய தம்பி புசானியைப் புதைத்துப் பத்து நாளாகிறது. நேற்று அவன் மனைவி நோமுசா வந்து, "அக்கா, அவர் குரலை மட்டும் தனியாப் போடுங்க" என்றாள். ஒரே மைக்கில் எட்டுக் குரலும் ஒன்றாகப் பதிந்துகிடக்கின்றன. எதைப் பிரித்துக் கொடுப்பேன்?

மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

சொல்ல மறந்தேன். நோமுசா நான்கு மணிக்கு மறுபடியும் வருவாள். இரண்டாவது பாட்டின் நடுவே ஓர் இருமல் கேட்கிறதே, "இது அவர்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன். அது உங்கள் இருமல். அவள் எதிரில் இருமிவிடாதீர்கள்.